படிப்பது ராமாயணமேதான்

'ஹாம்லெட்' நாடகத்தில் போலோனியஸ் தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரையை யாராவது ஒரு பிரிவுபசார விழாவிலோ பட்டமளிப்பு மேடையிலோ எடுத்துச் சொன்னால், படித்தவர் ஒருவர் உடனே திருத்த வருவார். அதை ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை, போலோனியஸ் சொன்னான். அவன் ஒரு தொணதொணப்புக் கிழவன், திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பவன், மூடன். கேலிக்காக எழுதப்பட்ட வரிகளை நீங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள் என்பார். நம் கல்லூரிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இது கிட்டத்தட்டப் பாலபாடம். எடுத்துச் சொன்னவர் கூச்சத்தோடு உட்கார்ந்துவிடுவார். திருத்தியவருக்கு நாடகத்தை ஆழமாகப் படித்தவர் என்ற பெயர் கிடைத்துவிடும்.

அந்தப் பெயருக்கு அவர் உரியவர் இல்லை என்பது என் கட்சி. மூடப் பாத்திரத்தின் வாயில் வரும் நல்ல சொல்லை, சொன்ன வாய்க்காகவே தள்ளிவிடுகிற வாசகர் பாதி நாடகத்தைப் படிக்காமல் விடுகிறார். விட்ட பாதியில்தான் பெரும்பாலும் நாடகாசிரியரின் உழைப்பு இருக்கிறது.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் பார்ப்போம். மகன் லேயர்டீஸ் பாரிஸுக்குப் புறப்படுகிறான். காற்று சாதகமாக வீசுகிறது, கப்பலில் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். இன்னுமா கிளம்பவில்லை என்று கடிந்துகொண்டே வரும் தகப்பனார், அடுத்த மூச்சிலேயே அவனை நிறுத்திவைத்து அறிவுரையை ஆரம்பிக்கிறார். அரங்கில் இந்த இடத்தில் சிரிப்பு எழும், எழத்தான் வேண்டும். ஆனால் சொல்வது என்ன? நினைத்ததையெல்லாம் பேசிவிடக் கூடாது. சோதித்துத் தேறிய நண்பர்களை விடக் கூடாது, புதிதாக வந்து ஒட்டிக்கொள்பவர்களை உடனே நெருங்கவிடவும் கூடாது. வம்புக்குப் போகாமல் இருக்க வேண்டும், வந்துவிட்டால் பின்வாங்கக் கூடாது. எல்லோர் பேச்சையும் கேட்கலாம், எல்லோரிடமும் பேச வேண்டியதில்லை. கையிருப்புக்குத் தக்க உடுப்பு போதும். கடன் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கடைசியாக, தன்னிடமே பொய் சொல்லாமல் வாழ்வது பற்றி ஒரு வார்த்தை.

இதில் எது தவறு? அயல்நாட்டில் தகப்பன் காசில் தனியாக வாழப்போகிற வாலிபனுக்கு இவற்றில் எதை மாற்றிச் சொல்வீர்கள்? இதற்கு நேரான பதிலை மறுப்பவர்களிடமிருந்து நான் கேட்டதில்லை. இவையெல்லாம் தேய்ந்த பள்ளிக்கூடப் பொன்மொழிகள் என்பார்கள். தேய்ந்தவைதான்; கிரேக்கத்து ஐசாக்ரடீஸ் காலத்திலிருந்து இளைஞர்களுக்குச் சொல்லப்பட்டு வருபவைதான். பலர் கை பட்டுத் தேய்ந்ததால் ஒரு சொல் பொய்யாகிவிடாது. உயர்ந்த லட்சியம் எதுவும் இல்லாத வெறும் உலகியல் புத்தி என்பார்கள். பாரிஸில் அறை எடுத்துத் தங்கப்போகிற பையனுக்கு முதலில் தேவைப்படுவது அந்த உலகியல் புத்திதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1603-ல் வெளிவந்த 'ஹாம்லெட்'டின் முதல் அச்சுப் பதிப்பில் இந்தக் கிழவருக்குப் பெயர் கொராம்பிஸ். அவருடைய அறிவுரை வரிகளுக்கு அந்தப் பதிப்பில் ஓரத்தில் மேற்கோள் குறிகள் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். எழுதி வைத்துக்கொள்ளத் தகுந்த வாசகங்களை அக்காலத்து அச்சகங்கள் அப்படித்தான் அடையாளம் காட்டின. படித்ததில் நல்லதைத் தனி நோட்டில் தலைப்பு வாரியாக எழுதிச் சேர்ப்பது அன்றைய மாணவர்கள் பள்ளியிலேயே பழகிய வழக்கம். ஆகவே போலோனியஸை எடுத்துச் சொல்கிறவர் நாடகம் தெரியாத இக்காலத்து அரைகுறை என்ற குற்றச்சாட்டு, ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தபோது அவர் நாடகத்தைக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்களையும் சேர்த்தே அடிக்கிறது.

ஆனால் நாடகம் அச்சகத்தில் பிறப்பதில்லை, மேடையில் பிறக்கிறது என்று ஒருவர் வாதாடலாம். சரி, மேடைக்கே போவோம். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் போலோனியஸ் தன் ஆள் ரெனால்டோவிடம் மகனுக்குப் பணமும் கடிதங்களும் கொடுத்தனுப்புகிறார். கூடவே ஒரு வேலையும் கொடுக்கிறார். பாரிஸில் உள்ள டென்மார்க்காரர்கள் யார் யார் என்று விசாரித்துப் பழக வேண்டும். லேயர்டீஸை ஏதோ தூரத்து அறிமுகம் போலக் காட்டிக்கொள்ள வேண்டும். அவன் சூதாடுகிறான், குடிக்கிறான், சண்டை போடுகிறான், கெட்ட வீடுகளுக்குப் போகிறான் என்று லேசாக அவதூறு பேசிப் பார்க்க வேண்டும். எதிராளி ஆமாம் என்று தலையாட்டினால் மகனுடைய யோக்கியதை தெரிந்துவிடும். இந்தச் சூழ்ச்சியை விளக்கிக்கொண்டே வருகிறவர் நடுவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதையே மறந்துபோகிறார். விட்ட இடத்தை வேலைக்காரன் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாவடக்கம் பற்றியும் நேர்மை பற்றியும் மகனுக்குச் சொன்ன அதே மனிதர், அந்த மகனைப் பற்றியே பொய் பரப்ப ஆள் அனுப்புகிறார். இதைப் பார்த்துவிட்டு, ஆகவே முன்பு சொன்ன அறிவுரை மதிப்பற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். இங்கேதான் தர்க்கம் தலைகீழாகிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் ஊரில் சொல்கிறோம். அப்படிச் சொல்கிற யாரும் ராமாயணத்தைக் குறை சொல்வதில்லை. படிப்பது ராமாயணமாக இருப்பதால்தான் இடிப்பதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. போலோனியஸ் மகனுக்குச் சொன்னது வெறும் பிதற்றல் என்றால் ரெனால்டோ காட்சிக்கு வேலையே இல்லை. பிதற்றுகிற ஒரு கிழவர் மறுபடியும் ஒரு முறை பிதற்றினார் என்று போய்விடும். சொன்னது சரி, சரியென்று அவருக்கும் தெரியும், தெரிந்தும் அதற்குள் வாழ அவரால் முடியவில்லை. ஷேக்ஸ்பியர் காட்டுகிற வேதனை இது. அறிவுரையைப் பொய்யாக்குகிறவர்கள் அந்த வேதனையைத் துடைத்துவிட்டு ஒரு கோமாளியை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள்.

இந்தச் சண்டை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த வார்பர்ட்டன், போலோனியஸை வெறும் பண்டிதப் பகட்டுக்காரர், பலவீனமான ஒரு மந்திரி என்று எழுதினார். 1765-ல் தன் பதிப்பைக் கொண்டுவந்த டாக்டர் சாமுவேல் ஜான்சன் அதை மறுத்து எழுதிய குறிப்பு இன்றைக்கும் அந்தப் பாத்திரத்தைப் பற்றி வந்தவற்றில் ஆகச் சிறந்தது. ஜான்சனின் போலோனியஸ் அரசவையிலேயே வளர்ந்தவர், காரியங்களில் அடிபட்டவர், நிறையப் பார்த்தவர். இப்போது வயது அந்த அறிவை அரித்துக்கொண்டிருக்கிறது. நினைவில் சேர்த்துவைத்ததிலிருந்து எடுக்கும்போது கனமான வார்த்தைகள் வருகின்றன. அன்றன்றைய காரியத்தில் அதைப் பொருத்தப் போகும்போது புத்தி நழுவுகிறது. மனம் ஒருகாலத்தில் பலமாக இருந்தது அவருக்குத் தெரியும், இப்போது பலவீனமாகிவிட்டது தெரியாது. அதனால்தான் அத்தனை தன்னம்பிக்கை. பொதுவில் சரி, குறிப்பில் பிழை. ரெனால்டோவிடம் பேச்சு அறுந்துபோகும் இடம், ராணி கெர்ட்ரூட் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்க நேரும் இடம், ஹாம்லெட்டின் பைத்தியத்துக்குக் காரணம் காதல்தான் என்று அடம்பிடிக்கும் இடம் எல்லாம் இந்த ஒரு விளக்கத்தில் அடங்கிவிடுகின்றன. வயதான தகப்பனோ தாத்தாவோ உள்ள வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த மனிதரைத் தெரியும். அவர்கள் சொன்னதை நாம் தூக்கி எறிவதில்லை.

அந்த அறிவுரைக்கு நாடகத்திலேயே ஒரு தொடர்ச்சி இருக்கிறது, அதையும் மறுப்பவர்கள் கவனிப்பதில்லை. தகப்பன் கொல்லப்பட்ட செய்தி கேட்டு லேயர்டீஸ் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக்குள் புகுகிறான். யோசிக்காமல் இறங்காதே என்று கேட்டவன் அவன். மன்னன் கிளாடியஸ் வலை விரிக்க, அதில் தானாகப் போய் விழுகிறான். வாள்முனையில் விஷம் தடவலாம் என்ற யோசனையை அவனே கொடுக்கிறான். கடைசிக் காட்சியில் விஷவாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது மனசாட்சிக்குக் கிட்டத்தட்ட விரோதம் என்று தனக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறான். சொல்லிவிட்டுக் குத்துகிறான். தன்னிடமே பொய் சொல்லாதே என்று புறப்படும்போது காதில் விழுந்தது, செய்யலாமா கூடாதா என்று உண்மையாகவே முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவனைத் தொட்டுவிட்டுப் போகிறது. சாகும்போது உண்மையைச் சொல்லி ஹாம்லெட்டிடம் மன்னிப்பு கேட்கிறான். போலோனியஸின் வார்த்தைகள் வெறும் கேலிக்கென்று எழுதப்பட்டிருந்தால், அவருடைய மகனின் அழிவை அவற்றுக்கு இவ்வளவு எதிரெதிராக வைத்துக் கட்டியிருக்க வேண்டியதில்லை.

'யார் சொன்னார் என்று பார்' என்பவர்கள் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறார்களா? மக்பெத் கொலைகாரன். மனைவி செத்த செய்தி வந்ததும் வாழ்வின் வெறுமையைப் பற்றி அவன் பேசுவதை உலகம் முழுவதும் மனப்பாடம் செய்கிறார்கள். அது ஒரு கொலைகாரனின் பேச்சு, அதில் ஞானம் தேடாதே என்று யாரும் தடுப்பதில்லை. இயாகோ ஒத்தெல்லோவிடம், பொருள் போனால் போகட்டும், நற்பெயர் போனால் எல்லாம் போயிற்று என்கிறான். அதற்குச் சற்று முன்புதான் காஸியோவிடம் நற்பெயர் ஒன்றுமில்லாத வெத்து என்று சொல்லியிருந்தான். ஆனாலும் நற்பெயர் பற்றிய அவன் பேச்சு பொன்மொழித் தொகுப்புகளில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. அண்ணனைக் கொன்ற கிளாடியஸ் மண்டியிட்டு, கொலையால் வந்த பலனைக் கையில் வைத்துக்கொண்டு பாவமன்னிப்பு கேட்க முடியுமா என்று தவிக்கும்போது, பிரார்த்தனையைப் பற்றி அதைவிட நேர்மையாக யாரும் பேசவில்லை என்கிறோம்.

கொடியவன் சொன்னால் ஆழம், மூடன் சொன்னால் அபத்தம். இந்தப் பாகுபாட்டை நாடகம் நம்மிடம் கேட்கவில்லை. கொடியவனிடம் ஒரு கம்பீரம் இருக்கிறது, அவனைக் கண்டு நமக்குள் ஒரு பயமும் மயக்கமும் இருக்கின்றன. மூடனிடம் அவை இல்லை. அவனை மேற்கோள் காட்டினால் நம்மையும் அவன் பக்கத்தில் உட்காரவைத்து விடுவார்களோ என்று அஞ்சுகிறோம். இலக்கிய நுட்பம் என்ற பெயரில் உலவும் இந்தத் திருத்தத்துக்கு அடியில் இருப்பது அந்த அச்சம்தான் என்று நினைக்கிறேன்.

'லியர் மன்னன்' நாடகத்தின் கோமாளியை நாங்கள் கொண்டாடவில்லையா என்று கேட்பார்கள். கொண்டாடுகிறோம். ஆனால் அவன் மூடன் இல்லை. கோமாளித்தனம் அவன் தொழில். அரசனைக் குத்திப் பேச அனுமதி பெற்ற கூர்மையான ஆள். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் போல அவன் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நின்று பேசுகிறான். அவனிடம் ஞானம் காண்பது எளிது. அந்த எளிதைக்கூட ஒருகாலத்தில் செய்யத் தவறினார்கள். 1681-ல் நேஹம் டேட் திருத்தி எழுதிய 'லியர்' நாடகத்தில் கோமாளியை அடியோடு நீக்கிவிட்டார். 1838-ல் நடிகர் மக்ரீடி லண்டன் மேடைக்கு அவனை மீட்டுக்கொண்டுவரும் வரை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ரசிகர்கள் அவன் இல்லாத லியரைத்தான் பார்த்தார்கள். துயர நாடகத்தில் சிரிப்புக்காரனுக்கு என்ன வேலை என்பது அவர்கள் காலத்து நுண்ணறிவு. போலோனியஸைத் தள்ளுவது நம் காலத்து நுண்ணறிவு.

உண்மையான மூடனுக்கு வருவோம். காளிதாசரின் 'சாகுந்தல'த்தை மறைமலையடிகள் 1907-லேயே தமிழாக்கியிருப்பதால் விதூஷகன் மாதவ்யன் நமக்கு அந்நியன் அல்லன். நகைச்சுவைக்கென்று சேர்த்த பாத்திரம், சோற்றுப் பிராமணன் என்று அவனை இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். இரண்டாம் அங்கம் அவன் புலம்பலோடு தொடங்குகிறது. வேட்டைப் பைத்தியம் பிடித்த அரசனோடு காட்டில் அலைந்து மூட்டெல்லாம் நோகிறது. இலைச்சருகு ஊறிய தண்ணீர்தான் குடிக்கக் கிடைக்கிறது. கம்பியில் சுட்ட இறைச்சியை வேளைகெட்ட வேளையில் தின்ன வேண்டியிருக்கிறது. விடியுமுன்பே பறவை பிடிப்பவர்கள் கத்தி எழுப்பிவிடுகிறார்கள். சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, சந்தேகமே இல்லை.

துஷ்யந்தன் அவனிடம் ஆசிரமத்துப் பெண்ணைப் பற்றி உருகுகிறான். கேட்டுக்கொண்டிருந்த மாதவ்யன், பேரீச்சம்பழம் தின்று திகட்டிப்போனவன் புளிக்கு ஏங்குவதைப் போல அரண்மனைப் பெண்கள் அலுத்துப்போய் இவளைத் தேடுகிறாய் என்கிறான். கண்வர் சொல்ல மாட்டார், சகுந்தலையின் தோழிகள் சொல்ல மாட்டார்கள். அரசனுடைய காதலின் தன்மையை நாடகத்தில் முதலில் கண்டு சொன்னவன் இந்தச் சோற்று மூட்டைதான். ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில், அரசனால் ஒருமுறை விரும்பப்பட்டு மறக்கப்பட்ட ஹம்ஸபதிகை பாடும் பாட்டு அதையே ஊர்ஜிதம் செய்கிறது. துர்வாசர் சாபம் கதையில் வந்து அரசனைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் சாபம் விழுவதற்கு முன்பே, மறந்துபோகக் கூடியவன் இவன் என்று மூடனின் வாயால் காளிதாசர் சொல்லிவைத்துவிட்டார்.

இவன் அந்தப்புரத்தில் போய் உளறிவிடுவானோ என்று பயந்த அரசன், மாதவ்யனைத் தலைநகருக்கு அனுப்பும்போது, நான் சொன்னதெல்லாம் விளையாட்டு, நிஜமென்று எடுத்துக்கொள்ளாதே என்கிறான். மாதவ்யன் நம்பிவிடுகிறான். சகுந்தலை சபைக்கு வருகிற நாளிலோ, ஹம்ஸபதிகையைச் சமாதானப்படுத்த அவனை அரசனே அனுப்பிவைத்திருக்கிறான். சபையில் அவளுக்குச் சாட்சி சொல்லக் கூடிய ஒரே ஆள் அங்கே இல்லை. மோதிரம் கிடைத்து நினைவு திரும்பிய பிறகு, நீயாவது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா என்று அரசன் கேட்கிறான். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் விளையாட்டு என்று சொன்னது நீதானே, களிமண் மூளைக்காரனான நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்கிறான் மாதவ்யன். இந்தப் பதிலில் இருக்கும் குற்றச்சாட்டைவிடக் கடுமையானது நாடகத்தில் வேறு எதுவும் இல்லை. அரசன் வாக்கை மெய்யென்று நம்பியது அவன் செய்த முட்டாள்தனம். பொய் சொன்னது அரசன். மாதவ்யன் அதைப் புத்திசாலித்தனமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். புத்திசாலியான அமைச்சன் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் அரசனின் மனம் நோகாதபடி சுற்றி வளைத்திருப்பான்.

மூடன் சொல்வதெல்லாம் ஞானம் என்று நான் சொல்லவில்லை. மகள் ஒஃபீலியாவை ஹாம்லெட்டின் முன்னால் தூண்டிற்புழுவாக நிறுத்தியது போலோனியஸ் செய்த பெரும்பிழை. ஹாம்லெட்டின் நோயைப் பற்றி அவர் சொன்னதும் பிழை. அவற்றைப் பிழையென்று நமக்குக் காட்டுவது நாடகத்தின் நிகழ்ச்சிகள். மகனுக்குச் சொன்னதையும் அதே நிகழ்ச்சிகளோடு உரசிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். உரசிப் பார்த்துத் தள்ளுவது வேறு, சொன்னவர் முகத்தைப் பார்த்ததுமே தள்ளுவது வேறு.

முகம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை ஷேக்ஸ்பியரே ஒரு முழு நாடகத்தின் முடிச்சாக வைத்திருக்கிறார். மெஸ்ஸினா நகரத்துக் காவல் தலைவன் டாக்பெரி, பெரிய வார்த்தைகளை இடம் மாற்றிப் போட்டு உளறுகிற ஆள். ஹீரோ என்ற பெண்ணின் மீது பழி சுமத்த நடந்த சதியைப் பற்றி அதில் கூட்டாளியான போராக்கியோ இன்னொருவனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்ததை இரவில் டாக்பெரியின் ஆட்கள் கேட்டு, இரண்டு பேரையும் பிடித்துவிடுகிறார்கள். கல்யாணத்தன்று காலை, டாக்பெரியும் அவன் துணையாள் வெர்ஜிஸும் பெண்ணின் தகப்பனார் லியோனாட்டோவின் வீட்டுக்கு வருகிறார்கள். விஷயத்துக்கு வராமல் டாக்பெரி எங்கெங்கோ சுற்றுகிறான்; வெர்ஜிஸுக்கு வயதாகிவிட்டது, பாவம், நல்ல மனிதர் என்று அவருக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிடுகிறான். லியோனாட்டோவுக்குப் பொறுமை இல்லை. தேவாலயத்துக்கு நேரமாகிறது, நீங்களே விசாரித்து எழுதிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டுப் போகிறார். தேவாலயத்தில் மணமகன் எல்லோர் முன்னாலும் அவர் மகளை நடத்தை கெட்டவள் என்கிறான். அவரும் அதை நம்பி, இவள் செத்தால் தேவலை என்கிறார். பிறகு உண்மை வெளிப்படும்போது, பிடிபட்ட போராக்கியோ இளவரசனிடம், உங்களைப் போன்ற அறிவாளிகளின் கண்ணுக்குத் தப்பியது இந்த மந்தபுத்திக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது என்ற பொருள்பட ஒப்புக்கொள்கிறான். லியோனாட்டோ டாக்பெரிக்கு நன்றி சொல்லிக் கையில் பணமும் கொடுக்கிறார். அன்று காலை அவன் கொண்டுவந்ததும் இதே செய்திதான்.